திரும்புதலும் திருப்புதலும்



இன்று ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அச்சொல்லை நான் தேடிப் போகவில்லை. அதுவே என் மேசைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த பழைய தாளொன்றைக் கொணர்ந்து என்முன் விரித்தாள். மடிப்புகள் கிழிந்து, பழுப்பேறிய தாள். அவளுடைய அப்பாயியின் தமையனார் பெயர் அதிலே தட்டச்சில் பதிந்திருந்தது. அப்பெயரின் கீழ் 'ரீபேட்ரியேட்' என்னும் வினை ஆளப்பட்டிருந்தது.

"சேர், அகராதியைப் பார்த்தேன். ஒருவரை அவருடைய சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் என்று போட்டிருக்கிறது. ஆனால் இவர் பிறந்தது நம்முடைய தோட்டத்து லயத்தில் என்று அப்பாயி சொல்கிறார். இங்கே பிறந்தவரை எந்தச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்?"

அகராதி பிழை சொல்லவில்லை. அவளுடைய அப்பாயியும் பிழை சொல்லவில்லை. இரண்டும் மெய்யாயிருக்க, இடையிலே வழுக்குவது எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'பாட்டர்' என்றால் தந்தை. 'பாட்ரியா' என்றால் தந்தையர் நாடு. 'ரி' என்னும் முன்னொட்டு மீளுதலைக் குறிக்கும். இவை கூடிப் பிற்கால இலத்தீனில் ஒரு வினையாயிற்று. தன் நாட்டுக்கு மீண்டு போதல் என்பது அவ்வினையின் பொருள். அங்கே போகிறவனே எழுவாய் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இவ்விலத்தீன் வினை ஆங்கிலத்துள் இருமுறை புகுந்தது. முதன்முறை பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக வந்து 'ரிப்பேர்' என உருமாறியது. மோட்டார் வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாம் செய்விக்கும் 'ரிப்பேர்' அன்று; அஃது வேறு மூலத்தது. ஓர் இடத்துக்குச் செல்லுதல் என்னும் பொருளில் பழைய ஆங்கில நாவல்களிற் பயிலும் சொல் இது. விருந்து முடிந்தபின் கனவான் தம் அறைக்கு 'ரிப்பேர்' செய்தார் என்று எழுதியிருப்பதைக் கண்டு, அறையைப் பழுது பார்த்தார் என்று பொருள் எழுதிய மாணவரை நான் கண்டிருக்கிறேன். இரண்டாம் முறை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேரே இலத்தீனிலிருந்து 'ரீபேட்ரியேட்' என்னும் முழுவடிவத்தில் வந்தது. ஆகவே இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயினும் இயல்பு வேறு. மூத்தது தானே நடந்து செல்லும். இளையதைப் பெரும்பாலும் பிறர் அனுப்பி வைப்பார்கள்.

இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழிலக்கணம் நமக்கு நல்ல கருவி தருகிறது. 'திரும்பினான்' என்பது தன்வினை. 'திருப்பினான்' என்பது பிறவினை. நடுவிலுள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. உடனே தொழிலைச் செய்பவன் ஒருவன், அதற்கு உட்படுபவன் இன்னொருவன் என்றாகிவிடுகிறது. 'ரீபேட்ரியேட்' என்பது பெரும்பான்மை பிறவினை. தானே நாடு திரும்புதல் என்னும் பொருளிலும் அஃது அருகி வழங்கும். அதையே பெயராக்கி, அவ்வாறு அனுப்பப்பட்டவரைக் குறிப்பதும் உண்டு.

எனவே இவ்வினையைக் காணுந்தோறும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அனுப்புகிறவர் யார்? எந்த இடம் 'பாட்ரியா' என்று யார் முடிவு செய்தார்? சொல் பொருந்துவதும் பொருந்தாததும் இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. சில வழக்குகளை நோக்குவோம்.

தஞ்சைத் தரணியிலுள்ள பத்தூர்க் கோயிலின் நடராசர் திருமேனி களவு போய், கடல் கடந்து இலண்டனை அடைந்தது. நெடிய வழக்குக்குப் பின் 1991இல் அது தமிழகத்துக்கு மீண்டது. அத்திருமேனியின் இருப்பிடம் எதுவென்பதில் ஐயமில்லை. வினை அச்சொட்டாகப் பொருந்துகிறது. தமிழிலே இதனை 'மீட்டல்' என்கிறோம்; மிக நல்ல சொல்.

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்களுள் அங்கேயே உயிர் நீத்தவரின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதற்கும் இவ்வினையே வழங்கும். நம் தோட்டங்களில் இச்சொல்லைக் கேட்டு அறிந்த குடும்பங்கள் சில உண்டு. அங்கும் பொருளில் மயக்கமில்லை. துயரம் மட்டுமே உண்டு.

போர்க் கைதிகளின் செய்தி சற்றுச் சிக்கலானது. போர் ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்து அவர்தம் நாட்டுக்கு அனுப்புதல் வேண்டுமென்று 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விதித்தது. ஆனால் கொரியப் போரிலே பிடிபட்டவருட் பலர் தம் நாட்டுக்கு மீள மாட்டோம் என்றனர். மனம் இல்லாதவனை அவன் நாட்டுக்கே ஆயினும் வலிந்து அனுப்பலாமா? இவ்வொரு வினாவினால் சமாதானப் பேச்சு நெடுநாள் இழுபட்டது. ஈற்றில், 1953இல், கைதிகளின் விருப்பத்தைக் கேட்டறிய நடுநிலை நாடுகளின் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதற்கு இந்தியா தலைமை தாங்கியது. தலைவராயிருந்தவர் தளபதி திம்மையா. அகதிகளைப் பற்றிப் பேசும்போது 'தன்விருப்பின்படி' என்னும் அடைமொழியை இவ்வினைக்கு முன்னே சேர்த்து வழங்குதல் இன்று உலக வழக்காகிவிட்டது. அடைமொழி தேவைப்படுகிறது என்றாலே, வெறும் வினையில் விருப்பம் அடங்கியிருக்கவில்லை என்பது பெறப்படும்.

பணத்துக்கும் இவ்வினை உண்டு. வெளிநாட்டில் ஈட்டிய இலாபத்தை முதலாளி தன் நாட்டுக்குக் கொண்டு போவதையும் ஆங்கிலம் இச்சொல்லாலேயே குறிக்கும். இதனை மறவாதிருங்கள், சற்றுப் பின்னர் இதற்கு மீள்வோம்.

இனி, இதனோடு ஒத்த பொருளுடையனவாகத் தோன்றும் சொற்களைப் பிரித்தறிதல் நன்று. 'டிபோர்ட்' என்பது நாடு கடத்துதல். சட்டப்படி இருக்க உரிமையற்றவன் என்று தீர்மானித்து வெளியேற்றுவது. 'எக்ஸ்பெல்' என்பது வெளியே தள்ளுதல். எங்கே போய்ச் சேருவான் என்ற கவலை அதற்கில்லை. 'எக்ஸ்ட்ரடைட்' என்பது குற்றஞ்சாட்டப்பட்டவனை விசாரணைக்காக வேறொரு நாட்டினிடம் ஒப்படைத்தல். 'எவகுவேட்' என்பது ஆபத்து வருகையில் இடம் பெயர்த்தல். 'ரீசெட்டில்' என்பது குடியமர்த்துதல். போய்ச் சேர்ந்த பின் நடப்பது. இவையெல்லாம் இருக்க, 'ரீபேட்ரியேட்' மட்டும் தன் வயிற்றுக்குள் ஒரு தீர்ப்பைச் சுமந்து வருகிறது. போகும் இடம் உன்னுடைய வீடு என்பதே அத்தீர்ப்பு. ஏனைய சொற்கள் வெளியேற்றும். இச்சொல் வெளியேற்றும்போதே வரவேற்பும் சொல்லும். அதனாலேதான் அரசாங்கங்களுக்கு இஃது உவப்பான சொல்லாயிற்று.

இப்பொழுது மாணவி கொணர்ந்த தாளுக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்களுடைய வாக்கினால் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தோடு வாக்குரிமையும் போயிற்று. பின்னர், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது. இவற்றை 15 ஆண்டுகளில் நிறைவேற்றுவது என முடிவாயிற்று. அம்மிகுதியை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 பேராகப் பகிர்ந்துகொண்டன.

ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தை மொழி ஆசிரியன் கண்ணோடு ஒருமுறை படித்தேன். நம் வினைச்சொல் அங்கே இருவேறு செயப்படுபொருள்களோடு வருகிறது. ஓரிடத்தில் மனிதர் செயப்படுபொருள், அவர்கள் அனுப்பப்படுவோர். இன்னோரிடத்தில், ஒரு குடும்பம் தன்னோடு கொண்டு செல்ல அனுமதிக்கப்படும் உடைமையின் உச்ச அளவு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்று கூறுமிடத்தில், உடைமை செயப்படுபொருள். அங்கேதான் குடும்பம் எழுவாயாகிறது. நேயர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். தன் சேமலாப நிதியையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் பொறுத்தவரையில் அத்தொழிலாளி வினையைச் செய்கிறவன். தன்னையே பொறுத்தவரையில் அவன் வினைக்கு உட்படுகிறவன். ஒரே தாளில், ஒரே வினை.

இரண்டாம் கேள்விக்கு அம்மக்களே ஒருவகையில் விடை கூறினர். விண்ணப்பம் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரசாவுரிமை வேண்டினோர் தொகை ஒதுக்கப்பட்ட மூன்று லட்சத்தை வெகுவாக மிஞ்சியது. இந்தியப் பிரசாவுரிமை வேண்டினோர் தொகையோ 5,25,000ஐ எட்டவில்லை. ஒப்பந்தம் 'பாட்ரியா' எங்கே என்று எழுதியதற்கும் விண்ணப்பித்தவர் கை எழுதியதற்கும் இடையே அவ்வளவு தூரம்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் கூறுதல் முறையன்று. மனமுவந்து போனவரும் இருந்தனர். உறவினரையும் பூர்விக ஊரையும் நாடிச் சென்றோர் உண்டு. 1970களின் நடுவில் தோட்டங்களை வாட்டிய பட்டினியாலும், 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் இனி இங்கே இருக்கலாகாது என்று புறப்பட்டோரும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வினை எழுதப்பட்டது. ஆனால் எல்லாருடைய வினையும் ஒன்றன்று.

இச்சொல்லைத் தமிழாக்குவதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், மொழிபெயர்ப்புப் பாடத்தில் இதற்கு 'நாடு கடத்து' என்று கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் ஒரு மாணவனின் தந்தையார், கவ்வாத்து வெட்டும் தொழிலாளி, வேலை முடிந்த கையோடு பாடசாலைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாஸ்டர், என் தம்பி குடும்பத்தோட ராமேஸ்வரம் போனான். அவன் களவெடுத்தானா, கொலை செஞ்சானா? நாடு கடத்தினாங்கன்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே."

நான் மன்னிப்புக் கேட்டேன். பின்பு வகுப்பிலே அச்சொல்லை அழித்து, 'தாயகம் திரும்பச் செய்' என்று எழுதினேன். எழுதிய பின்னும் மனம் நிறையவில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் இம்மக்களுக்கு இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்' என்பது. அதனை ஆக்கியோர் அன்போடு ஆக்கினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்துள்ளன. இலத்தீனின் தந்தையர் நாடு தமிழிலே தாயின் அகமாயிற்று. அது நம் மொழியின் இயல்பு. மற்றொன்று, பிறவினை தன்வினையாயிற்று. 'திரும்பியோர்' என்றவுடன் அனுப்பினவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். இரு பிரதமர்களும் ஒப்பந்தமும் கடவுச்சீட்டும் மறைந்து, தாமாகவே நடந்து வந்தவர்களாக அம்மக்கள் நிற்கின்றனர்.

தமிழ்நாட்டிலே 'ரெப்கோ' என்னும் கூட்டுறவு வங்கியைப் பலரும் அறிவர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரின் மறுவாழ்வுக்காக 1969இல் நிறுவப்பட்டது அது. அப்பெயரின் முதற்பகுதி நாம் ஆராயும் இவ்வினையின் சுருக்கமே. நீலகிரியில் இம்மக்களுக்கு வேலை அளிக்கவென 1968இல் அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. 1976இல் அது 'டான்டீ' என வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நம் மலையில் கொழுந்து பறித்த கைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் மீண்டும் கொழுந்து பறித்தன.

நான் ஆரம்ப வகுப்புகளிற் பயின்ற காலத்தில், ஒவ்வொரு தவணையிலும் வரவு இடாப்பில் சில பெயர்களின்மேல் சிவப்பு மையினால் கோடு விழும். கோட்டின் ஓரத்தில் 'இந்தியா' என்று ஆசிரியர் எழுதுவார். ஹட்டன் புகையிரத நிலையத்தில் தகரப் பெட்டிகளோடு நிற்பார்கள். அங்கிருந்து கோச்சி, பொல்காவலையிலும் மதவாச்சியிலும் மாறி, தலைமன்னாருக்குப் போகும். தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு. என்னோடு ஒரே வாங்கில் இருந்த நண்பன் அவ்வாறு போனான். சில மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம் எழுதினான். மலை இங்குள்ளது போலவே இருக்கிறது, குளிரும் அப்படியே, எங்களை மட்டும் 'சிலோன்காரர்' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அதன் சாரம். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றனர். அரசாங்கக் கணக்கெடுப்புகளிலும் நெடுங்காலம் நாம் இந்தியத் தமிழரே. 1984இல், நாட்டின் நிலைமை கெட்டதனால், அக்கப்பற் போக்குவரத்து நின்றது. பின்னாளில் அதே கடலில் அதே வினை எதிர்த்திசையிலும் வழங்கலாயிற்று. 1992 முதல், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த இலங்கை அகதிகளை இங்கே அனுப்பியபோது, பதிவேடுகளில் எழுதப்பட்டது இச்சொல்லே.

ஒப்பந்தத்தின்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டனர். போக வேண்டியவர் என்று எழுதப்பட்டும் போகாமல் இருந்தோருக்கு விடிவு வர 2003 வரை ஆயிற்று. 1964 ஒக்டோபர் 30 தொட்டு இங்கேயே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதற்கு அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. இவர்களுக்காக எழுதப்பட்ட வினை இறுதிவரை நிறைவேறாமலே நின்றது.

ஆகவே, மொழிபெயர்க்கும் மாணவருக்கு நான் கூறுவது இது. ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்தும் ஒட்டவைக்க வேண்டாம். திருமேனிக்கு 'மீட்டல்' என்க. பணத்துக்குத் 'தாய்நாட்டுக்குக் கொண்டு செல்லுதல்' என்க. தன் விருப்பால் வந்த அகதிக்கு 'நாடு திரும்புதல்' என்க. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் சென்றவரைக் குறிக்கையில் 'ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர்' என்று எழுதுதல் நேர்மையானது. அதில் அனுப்பிய கருவி உண்டு. சேர்ந்த இடம் உண்டு. எது அவருடைய வீடு என்ற தீர்ப்பு இல்லை. அத்தீர்ப்பைக் கூறும் உரிமை அவருக்கே உரியது.

இவ்விடையை மாணவிக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அவள் மீண்டும் வந்தாள். தமையனார் போனாரா, அனுப்பினார்களா என்று தன் அப்பாயியிடம் கேட்டாளாம். கிழவியார் கூறியது: "பாரம் எழுதினது கணக்கப்பிள்ளை. ரேகை வச்சது எங்கண்ணன். இங்க பிரசாவுரிமை கிடைக்காட்டி என்ன செய்யிறதுன்னு பயந்துக்கிட்டு வச்சுச்சு. வச்சப்புறம் மூணு நாள் சாப்பிடல."

"இதற்கு எந்த வினை சேர்?" என்றாள் மாணவி.

தன்வினையுமன்று, முற்றிலும் பிறவினையுமன்று. ஒரு சொல்லாலே முடியாததை ஒரு வாக்கியத்தினால் முடிக்கலாம். அப்பாயி கூறியதை அப்படியே உன் கொப்பியில் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து வை என்றேன். அவ்வாறே செய்திருக்கிறாள்.

நேயர்கள் வீட்டிலும் அத்தகைய தாள்கள் இருக்கக்கூடும். அவற்றை அறிந்து பேச வல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவற்றிலுள்ள வினைச்சொற்களுக்கு எழுவாய் யாரென்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.